வீட்டை முழுசாகப் பார்ப்பவர் வெளியாளே

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, காற்று வாங்க வந்து எங்களிடம் மாட்டிக்கொண்ட கீழக்கரைப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்துக் குடும்ப வீடு ஒன்றை இடிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதை உள்ளபடி பார்ப்பவர் யார்? அந்த வீட்டு வாரிசா, ஊர் சுற்றிப் பார்க்க வரும் வெளியாளா? எங்கள் அணி வெளியாள் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் உருக்கமாகப் பேசினார். தாத்தா சாய்ந்த நாற்காலியைத் தொட்டதும் பேரனுக்கு உடம்பு சிலிர்த்தது என்றார், கூட்டத்தில் ரெண்டு பேர் கண்ணைத் துடைத்ததை நானும் பார்த்தேன். அந்தச் சிலிர்ப்பு பொய் இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, சிலிர்த்துப் போனவருக்கு நாற்காலி மட்டும்தான் தெரிகிறது. அந்த நாற்காலிக்கு மேலே தொங்கிய பங்கா விசிறியை வெளித் திண்ணையில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்கக் கயிறு பிடித்து இழுத்தது யார் என்று எந்தப் பேரன் கேட்டிருக்கிறார்? அதைக் கேட்பது வெளியாள். அவருக்கு நம் தாத்தா மேல் பாசமும் கிடையாது பயமும் கிடையாது, அதனால் சுவரில் இருக்கிற அந்தக் கயிற்று ஓட்டை முதலில் அவர் கண்ணில்தான் படும்.

சரி, நம்ம கரைக்கே வருவோம். இந்தப் பக்கத்துப் பழைய மரைக்காயர் வீடு, அதாவது கடல் வணிகம் செய்த முஸ்லிம் குடும்பத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பர்மா தேக்குத் தூண், ரெண்டு ஆள் சேர்ந்து தள்ள வேண்டிய கதவு, கொழும்புக்கும் கீழக்கரைக்கும் ஓடிய சரக்கில் வந்த காசு. வாரிசு வாசலில் நின்று “எங்க பாட்டனார் கட்டினது” என்பார். பாட்டனார் காசு கொடுத்தார், ஒத்துக்கொள்கிறேன். சுவருக்கு முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், எங்கிருந்து வந்தது? அதைச் சுட்ட சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? வள்ளத்தில் போய், கடலில் இறங்கி, கடப்பாரையால் நெம்பி எடுத்த ஆட்கள் இந்தக் கரையில்தான் இருந்தார்கள். சங்கு குளித்தவர்களும் முத்துக் குளித்தவர்களும் இங்கேதான் இருந்தார்கள், மூச்சை அடக்கினது அவர்கள், பங்களா எழுந்தது வேறொருத்தருக்கு. கல் வெட்டி வெட்டி என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் 2 இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன, அதில் பூவரசன்பட்டி நம்ம கீழக்கரைப் பக்கத்துத் தீவு. கல் எடுத்ததைத்தான் அதற்குப் பெரிய காரணமாகச் சொல்கிறார்கள். 1986இல் இந்தக் கடல் தேசியப் பூங்கா ஆனது, 2001இல் பவளத்தைப் புலி, யானை இருக்கிற அதே சட்ட அட்டவணையில் சேர்த்தார்கள். கடல் உயிரியல் படிக்கிற ஒரு பெண் அந்தச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால், கல்லில் பூப் பூவாக இருக்கும் குழிகளைப் பார்த்து, இது உயிரோடு இருந்த பவளம் என்று சொல்லிவிடுவார். நம்ம வாரிசு என்ன செய்தார்? மூத்த மகள் கல்யாணத்துக்கு அதன்மேல் பட்டி பார்த்து ரோஸ் கலர் பெயிண்ட் அடித்துவிட்டார்.

அப்புறம் வாரிசு, வாரிசு என்கிறீர்களே, எந்த வாரிசு? நம்ம ஊரில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார், அதுதான் பழைய வழக்கம். துபாயிலிருந்து லீவில் வந்து, நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, “இது எங்க வீடு” என்று நெஞ்சை நிமிர்த்தும் காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, அது லாத்தா வீடு, அக்கா வீடு என்பதை அடுப்படியிலிருந்து லாத்தாவே குரல் கொடுத்துத்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. எல்லாரும் சிரிக்கிறீர்கள், முன் வரிசையில் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எதிரணி கலாம் வீட்டை எடுத்துப் போட்டது. ராமேசுவரம் பள்ளிவாசல் தெரு வீடு, குடும்பத்தார்தான் பராமரிக்கிறார்கள், உண்மை. அவர்களுக்கு ஒரு வணக்கம். ஆனால் மாடியைக் காட்சிக்கூடமாக்கிக் கதவைத் திறந்து வைத்தார்களே, யாருக்காக? வடக்கே எங்கிருந்தோ பஸ்ஸில் வந்து, கோயிலில் தீர்த்தமாடிவிட்டு, ஈரத் தலையோடு அந்தச் சின்னத் தெருவுக்குள் வருகிற ஜனங்களுக்காக. 1931இல் இங்கே பிறந்த ஒரு படகுக்காரர் மகன் ராஷ்டிரபதி பவன் வரை போனார் என்பது வீட்டாருக்குப் பழகிப்போன சேதி. வெளியூர்ப் பையனுக்கு அது பழகவில்லை, அவன் தெருவின் அகலத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசமும் அப்படித்தான். சேதுபதிகள் கட்டிய மாளிகை, சுவரெல்லாம் ஓவியம், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டையும் அதில் உண்டு. குடும்பப் பெருமையாகச் சொல்ல அங்கே எவ்வளவோ இருக்கிறது. கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பிடித்து அடைத்தது, அடுத்த 3 வருஷத்தில் கலெக்டர் ஜாக்சன் அதே மாளிகையில் உட்கார்ந்துகொண்டு கட்டபொம்மனை விசாரித்தான். வீட்டுக்காரர் சிறையில், வந்தவன் விசாரணை நடத்துகிறான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வருகிற பள்ளிப் பிள்ளைகள் தேடி வருவது இந்தக் கதையைத்தான்.

இப்போது என் வாதத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன், நடுவர் அவர்கள் மணியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். மண்டபம் முகாம் எல்லாருக்கும் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களை வெள்ளைக்காரன் அங்கேதான் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினான். 1914இல் பாம்பன் பாலம் வந்தது, ரயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மலையில் அவர்களுக்குக் கிடைத்தது லயம் என்கிற வரிசை வீடு, ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை. மேட்டில் துரை பங்களா. 1964இல் ரெண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள், அப்படி வந்தவர்களில் நிறையப் பேர் ராமேசுவரத்தில் கப்பல் இறங்கி மறுபடி அதே மண்டபத்துக்கு வந்தார்கள்.

இலங்கை மலையில் ஹட்டன் பக்கத்துத் துரை பங்களாக்களில் சில இன்று காசு அதிகமான விடுதிகள். துரையின் பேரன் இங்கிலாந்திலிருந்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வராந்தாவில் தேநீர், பனி, பாட்டனார் போட்டோ, கண்ணில் தண்ணீர். அதே நாளில், மண்டபத்தில் இறங்கிய ஒரு பாட்டியின் பேத்தி, படித்து வேலைக்குப் போய், சம்பாதித்த காசில் அங்கே ரூம் போடுகிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் முதலில் வராந்தாவுக்குப் போகமாட்டார். சமையல்கட்டு எங்கே, வேலைக்காரர் வந்து போகிற வழி எங்கே, இங்கிருந்து பார்த்தால் லயம் தெரிகிறதா என்று தேடுவார். சொல்லுங்கள், ரெண்டு பேரில் யார் பங்களாவை முழுசாகப் பார்த்தது?

“அந்தப் பெண்ணும் ஒரு வகையில் வாரிசுதானே” என்று எதிரணி கிளம்பும். அப்படியே சொல்லுங்கள், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பங்களாச் சுவரில் மாட்டியிருக்கிற குடும்பப் படத்தில் அவர் பாட்டி இல்லை, பத்திரத்திலும் இல்லை, விடுதிக் கணக்கில் அவர் ஒரு டூரிஸ்ட்.

ஊஞ்சலில் ஆடி ரீல்ஸ் எடுக்கிற கூட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் எங்கள் அணிக்கும் தொல்லைதான், மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் ஊஞ்சலில் ஆடிவிட்டுப் போய்விடுகிறார்கள், ஊஞ்சலைக் கழற்றி விற்றவர்கள் யார்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழைய சாமான் கடைகள், தூண் வேண்டுமா, நிலைக்கதவு வேண்டுமா, பீங்கான் வேண்டுமா, எல்லாம் கிடைக்கும். டூரிஸ்ட் யாரும் ராத்திரி வந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் போட்டதில்லை. பத்துப் பங்காளி, பத்துக் கையெழுத்து, ஒரு லாரி, அவ்வளவுதான்.

அடுத்துப் பேச வரும் நண்பர் எனக்கு இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். உங்கள் பூர்வீக வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறது, கட்டியவர் பெயர் வாசல் கல்லில் இருக்கிறது. கல் எடுத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், தண்ணீர் சுமந்தவர், இவர்களில் ஒருத்தர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் தேடிக் கண்டுபிடிக்க உங்கள் வீட்டில் யாராவது இதுவரை கிளம்பினார்களா? நன்றி, மணி அடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன்.