வகுப்பில் இல்லாதவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி வருகைப் பதிவை டிஜிட்டலுக்கு மாற்றினால் நேரம் மிச்சமாகும் என்பார்கள். ஆகும்தான். ஆனால் அது ஒன்றுக்காக மட்டும் என்றால், பழைய பதிவேடே போதும் என்பேன்.

40 பேர் படிக்கும் வகுப்பில் வருகை 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் இரண்டு பேர் வரவில்லை, அவ்வளவுதானே? அந்த இருவர் மாறிக்கொண்டே இருந்தால் கவலையில்லை. சளி, காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று ஏதாவது இருக்கும். அதே இரண்டு பிள்ளைகள் வாரக்கணக்கில் வராமல் இருந்தாலும் சதவீதம் என்னவோ 95தான். திங்கட்கிழமை மட்டும் வராத பிள்ளை, மாதம் இரண்டு நாள் சத்தமில்லாமல் காணாமல் போகும் பிள்ளை, இவர்களைப் பதிவேட்டில் பிடிக்க ஆசிரியர் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கணினிக்கு அது நொடி வேலை. 200 பள்ளி நாட்களில் 20 நாள் வராவிட்டாலே தனிக்கவனம் வேண்டும் என்பது பல இடங்களில் வைத்திருக்கும் அளவுகோல்.

சரி, எந்தக் கருவி? அட்டையைக் காட்டும் முறையில் அட்டை வந்தது மட்டும்தான் தெரியும். அது நண்பனின் பையிலும் வரலாம். கைரேகைக் கருவி, விரலில் ஈரமோ அழுக்கோ இருந்தால் அடம்பிடிக்கும். மணி அடித்த பிறகும் வாசலில் வரிசை நிற்கும்.

முகத்தை அடையாளம் காணும் கேமராவை ஸ்வீடனில் ஒரு பள்ளி 2018இல் 22 மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தது. சம்மதமும் வாங்கியிருந்தார்கள். ஆனாலும் 2019இல் அந்தப் பள்ளியை நடத்தும் நகராட்சிக்கு 2 லட்சம் குரோனா (ஸ்வீடன் நாணயம்) அபராதம் விழுந்தது. பள்ளியை நம்பியிருக்கும் மாணவர் தரும் சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது, வருகையைப் பதிய இவ்வளவு தூரம் போகத் தேவையும் இல்லை என்றது அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம். எனக்கும் அதே கருத்துதான்.

ஆசிரியரின் கைப்பேசியில் ஒரு எளிய செயலி போதும். எல்லோரும் வந்ததாகவே பட்டியல் திறக்கட்டும். வராதவர் பெயரை மட்டும் தொட வேண்டும். நெட்வொர்க் இல்லாவிட்டாலும் பதிவாகி, பிறகு தானாக மேலே போய்ச் சேர வேண்டும்.

அப்புறம் பெற்றோருக்குப் போகும் குறுஞ்செய்தி. "உங்கள் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை" என்று அனுப்பினால் வீட்டில் பதறிப்போவார்கள். பிள்ளை பத்து நிமிடம் தாமதமாக வந்து வகுப்பில் உட்கார்ந்திருக்கும். "வருகை இன்னும் பதிவாகவில்லை" என்று எழுதலாம். மூன்றாம் நாளும் அதே பெயர் வராதவர் பட்டியலில் இருந்தால் குறுஞ்செய்தி பயன்படாது, யாராவது போனில் பேச வேண்டும். அது வகுப்பாசிரியரா, தலைமையாசிரியரா என்பதைச் செயலி வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.