எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறவர்கள்

(ஈரோட்டில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

திருப்பூரில் லைன் வீடு தேடிப் போகிறவரிடம் வீட்டுக்காரர் சம்பளத்தைப் பற்றிப் பிறகுதான் கேட்பார். முதலில் வருவது, "குழந்தைகள் எத்தனை?" ஒன்று என்றால் சாவி கைக்கு வந்துவிடும். இரண்டு என்றால் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி ஒரு பிரசங்கம். நான்கு என்றால், "நேற்றுத்தான் வேறொருவருக்குப் பேசி முடித்தோம்" என்பார். வாடகைக்கு விடப்படும் என்ற பலகை மட்டும் அங்கேயே ஒரு மாதம் தொங்கும்.

நிறையப் பிள்ளைகள் பெற்ற குடும்பத்தை ஊர் பார்க்கும் பார்வையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பிரசாரம் செய்ய நான் வரவில்லை. பெற்றுவிட்டவர்களை இப்படி நடத்தும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

நம் பாட்டிமார் கணக்குச் சொல்லும் விதத்தை நினைத்துப் பாருங்கள். "பிறந்தது எட்டு, தங்கியது ஐந்து." 1971ஆம் ஆண்டில்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 13. ஆகவே, பழைய பெரிய குடும்பங்களைப் பற்றிப் பெருமூச்சு விடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த எட்டில் போன மூன்றையும் சுமந்து பெற்றவள் ஒருத்தி இருந்தாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

பிறகு அரசாங்கம் வந்தது. 1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஆர்.ஏ.கோபாலசுவாமி. பின்னாளில் சென்னை மாகாணத் தலைமைச் செயலாளராகவும் இருந்து, ஆண்களுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சையை ஊக்கத்தொகை கொடுத்துப் பரப்பியவர். ஏற்கெனவே மூன்று பெற்று, அவற்றில் ஒன்றேனும் உயிரோடிருக்கும் நிலையில் ஒரு பெண் மீண்டும் பெற்றால், அதற்கு அவர் தம் அறிக்கையில் ஒரு பெயர் வைத்தார்: முன்யோசனையற்ற தாய்மை. கவனியுங்கள், முன்யோசனையற்ற தந்தைமை என்று ஒரு வகை அந்த அறிக்கையில் இல்லை!

அப்புறம் குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமாகச் சிவப்பு முக்கோணம் வந்தது. 'நாம் இருவர், நமக்கு இருவர்' சுவரெங்கும் வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. வட மாநிலங்களில் அது வன்முறையாகவே நடந்தது. நம் பக்கம் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தமிழகத்தில் பிள்ளைப்பேறு முன்னதாகக் குறைந்த பகுதிகளில் கொங்கும் ஒன்று. காட்டைத் துண்டு போட மனமில்லை. கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டது. புருஷனும் மனைவியும் தறிக்கும் மில்லுக்கும் போனார்கள். கடைசியில் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் வந்தன. சுகாதாரத் துறையின் எந்தச் சுவரொட்டியையும்விட அந்தப் பள்ளிகளின் கட்டண ரசீது நன்றாக வேலை செய்தது என்பது என் துணிபு.

இன்று நம் கல்யாண வீடுகளில் அதன் விளைவைப் பார்க்கிறோம். இணைச்சீர் செய்ய மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தாள் இல்லை. பங்காளி வீட்டிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்து நிறுத்துகிறார்கள். அம்மாவும் ஒற்றைப் பிள்ளை என்றால் மாமன் சீருக்கும் ஆள் தேட வேண்டும். அதே மேடையில் 'பதினாறும் பெற்று' என்று வாழ்த்துகிறோம். பந்தியில் மூன்று பிள்ளைகளோடு ஒருத்தி வந்து உட்கார்ந்தால், "கடைசியையும் ரேஷன் கார்டில் சேர்த்தாயிற்றா?" என்று சிரிக்கிறோம்.

எல்லோரையும் பார்த்து இந்தச் சிரிப்பு வருவதில்லை என்பதுதான் விஷயம். நூல் மில் முதலாளிக்கு நான்கு பிள்ளைகள் என்றால் வம்சம் தழைத்திருக்கிறது. பீகாரிலிருந்து வந்து அவர் மில்லில் வேலை செய்கிறவருக்கு நான்கு என்றால், "இவர்களுக்கு அறிவே கிடையாது." 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.8. அந்த 3.0க்குப் பின்னால் படிக்க வைக்கப்படாத பெண்கள் இருக்கிறார்கள். சிறு வயதுக் கல்யாணம் இருக்கிறது. இஸ்லாமியக் குடும்பங்களைப் பற்றியும் இப்படியே பேசுகிறோம். இந்திய அளவில் அவர்களின் சராசரி 1992-93இல் 4.4, அதே 2019-21 ஆய்வில் ஏறத்தாழ 2.4. எண் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கிவிட்டது, பேச்சுதான் இறங்கவில்லை.

எனக்கு அதிகம் கோபம் வருவது நான்கு பெண் பிள்ளைகள் உள்ள வீட்டின் விஷயத்தில். 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்த ஊர்கள் நம்முடையவை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்ததும் உங்களுக்குத் தெரியும். இரண்டாவதும் பெண் என்றதும், "கவலைப்படாதே கண்ணு, அடுத்தது பையன்தான்" என்று ஆறுதல் சொன்னவர்கள் யார்? நான்காவதும் பெண்ணாகப் பிறந்தபோது, "இத்தனையை எப்படிக் கரையேற்றுவார்கள், யோசிக்க வேண்டாமா?" என்று உச்சுக்கொட்டியவர்கள் யார்? அதே திண்ணை, அதே வாய். யோசித்துப் பெற்றதாகவே வைத்துக்கொண்டாலும், அந்த யோசனையைக் கொடுத்தது திண்ணைதான்.

பிரசவ வார்டில் இந்த ஏளனம் ஆபத்தாக மாறுகிறது. நான்கைந்து முறை பிள்ளை பெற்றவளுக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஏற்படும் அபாயம் கூடுதல். மற்றவர்களைவிட அவள்தான் சீக்கிரம் பதிவு செய்ய வேண்டும், தவறாமல் பரிசோதனைக்கு வர வேண்டும். "மறுபடியுமா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் வந்தால் அடுத்த மாதம் அவள் ஏன் வரப்போகிறாள்?

சட்டமும் விரல் விட்டு எண்ணியது. தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021இல் ஓராண்டாக உயர்ந்தது. ஆனால் அப்போது அது இரண்டு குழந்தைகளோடு சரி. தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தந்தையிடம் வளர்கிறார்கள். மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தை அவருக்கு மூன்றாவது என்று கணக்கிட்டு விடுப்பை மறுத்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றத்தில் ஏறி இறங்கி உச்சநீதிமன்றம் வரை போனது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது.

இந்த ஊரில் நின்றுகொண்டு பெரியாரைச் சொல்லாமல் போக முடியாது. கர்ப்பத்தடையைப் பற்றி அவர் 'குடி அரசு' இதழில் எழுதியபோது, மற்றவர்கள் குடும்ப வருமானத்தையும் தாயின் உடல்நலத்தையும் நாட்டின் வறுமையையும் காரணம் காட்டினார்கள். அவர் பெண்ணின் விடுதலையைக் காரணம் காட்டினார். அந்த வாதத்துக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு. வேண்டாம் என்கிறவளைப் பெறச் சொல்ல முடியாது என்றால், வேண்டும் என்கிறவளைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

இப்போது காற்று திசை மாறுகிறது. 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் 1976இல் உறையவைத்த மக்களவைத் தொகுதி எண்ணிக்கை மறுபடி கணக்கிடப்பட்டால் தென் மாநிலங்களின் பங்கு குறையும் என்ற அச்சம் நியாயமானது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் அதிகம் பெற்றுக்கொள்ளச் சொன்னார். அப்போது நம் முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலினும் ஒரு திருமண விழாவில் பதினாறைப் பற்றிப் பேசினார். அன்று சோற்றுக் கணக்குக்காகப் பெறாதே என்றார்கள்; இன்று தொகுதிக் கணக்குக்காகப் பெறு என்கிறார்கள். இரண்டுக்கும் அவள் வயிறுதான் பேரேடு.

மூன்றாவது பிள்ளை வேண்டும் என்று நாளை யாராவது உங்களிடம் மேடையில் சொன்னால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: குழந்தைகள் காப்பகம் எங்கே? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமே சொன்னது. திருப்பூர், பல்லடம் பக்கம் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் கம்பெனியில் அந்த அறை இருக்கிறதா, இருந்தால் அதில் இருப்பது தொட்டிலா அட்டைப் பெட்டியா என்று நாளைக்குக் கதவைத் திறந்து பாருங்கள். அடுத்த கூட்டத்தில் நான் பேசப்போவதில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.