நாய் எப்படி இருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு நாலாம் வகுப்பு எடுத்த டீச்சர் போன மாதம் காலமானார். சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில், ஓய்வு பெறும்வரை ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தவர். அவரைப் பற்றிப் பேசுவதென்றால் ஒரு நாயிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என்று சாதி நாய்களுக்குப் பேர்போன சீமை எங்களுடையது. டீச்சர் வீட்டில் இருந்ததோ தெருவில் கிடந்த நாய்கள். காலில் அடிபட்டது, தாயில்லாத குட்டி, சொறி பிடித்தது என்று எப்போதும் நாலைந்து இருக்கும்.

1978-இல், குட்டி போட்டிருந்த ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. அப்பத்தா மிளகாய்ப்பொடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். தெருவில் இரண்டு பேர் கம்போடு நாயைத் தேடினார்கள். டீச்சர் முதலில் கம்பை வாங்கிக் கீழே போட்டார். அப்புறம் என்னை அடிபம்புக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டுக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழுவச் சொல்லி மருத்துவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அன்றே சாத்தூர் அரசு ஆஸ்பத்திரி. வெறிநாய்க்கடிக்கு அந்தக் காலத்து மருந்தை ஆட்டு மூளையிலிருந்து தயாரிப்பார்கள். தொப்புளைச் சுற்றி, தினம் ஒன்றாக, பதினாலு ஊசி. வயிறு கட்டி கட்டியாக வீங்கும். எங்கள் வீட்டில் வேலையை விட்டுவிட்டு வர ஆளில்லை. காலை முதல் பஸ்ஸில் டீச்சரே கூட்டிப்போய், மணி அடிப்பதற்குள் திரும்பக் கூட்டி வருவார். பஸ் காசும் அவருடையதுதான்.

நாயைக் குட்டிகளோடு தன் வீட்டுத் திண்ணையில் கட்டிப்போட்டார். "பத்து நாள் இது நல்லா இருந்துச்சுன்னா உனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. தினம் வந்து நீயே பாரு" என்றார். கடித்த நாயின் உயிருக்காக நான் சாமி கும்பிட்டேன். அதற்காக, நாயைப் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். டீச்சர் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. இப்போது அந்தப் பழைய மருந்தும் கிடையாது. கையில் நாலைந்து தடவை போடும் தடுப்பூசிதான், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

அதே கவனம்தான் பிள்ளைகள் மேலும். அப்போதெல்லாம் விடிவதற்கு முன்பே தீப்பெட்டித் தொழிற்சாலை பஸ் வந்து சின்னப் பிள்ளைகளைத் தீக்குச்சி அடுக்க ஏற்றிப்போகும். டீச்சர் இருட்டில் போய் அங்கே நிற்பார், நாய்கள் அவருக்கு முன்னால் ஓடும். வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தர முடியாத வீடுகளுக்குத் தன் சம்பளத்திலிருந்து கொடுத்து, பிள்ளைகளை வகுப்புக்கு மீட்டு வந்தார். அப்படி மீண்டு வந்த ஒருத்தி பின்னாளில் நர்ஸ் ஆனாள். டீச்சருடைய கடைசி நாட்களில் அவள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் தினமும் என்னிடம் முதலில் கேட்டது, "நாய் எப்படி இருக்கு?" என்றுதான். பதினோராம் நாள் காலையில், "கஞ்சி குடிச்சது சார், குட்டிகளுக்குப் பால் கொடுத்துச்சு" என்றேன். அவர் சிரித்து, ஊசியை நிறுத்தினார். ஊர் திரும்பியதும் டீச்சர் என்னைத் திண்ணைக்குக் கூட்டிப்போய், கயிற்றின் முடிச்சைக் காட்டி, "நீயே அவிழ்த்துவிடு" என்றார். என் கை நடுங்கியது. அவர் என் கைமேல் கை வைத்துக்கொண்டார்.