பிறந்த இடத்தில் மட்டும் தேடினால் போதுமா?

நண்பர்களே, 1947-இல் மான்செஸ்டரின் ரோச்செஸ்டரும் பட்லரும் வெளியிட்ட ஒரு படத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். துகள் போன வழியை மூடுபனிக் கோடாகக் காட்டும் முகில் அறைக்குள் எடுத்த படம். குறுக்கே ஓர் ஈயத் தகடு. அதற்குக் கீழே, எந்தத் தடமும் வந்து சேராத வெற்றிடத்தில், திடீரென்று இரண்டு கோடுகள் கவை போல் பிரிகின்றன. மின்னூட்டம் இல்லாத ஏதோ ஒன்று, தடம் காட்டாமல் வந்து அங்கே சிதைந்திருக்கிறது. சுமார் 5000 படங்களில் இப்படி இரண்டுதான் புதுமாதிரியாகத் தேறின. கேயான் என்று நாம் இன்று சொல்வது அந்த வகைத் துகளைத்தான்.

பிறந்த இடத்தைவிட்டுத் தள்ளிப் போய்ச் சிதையும் புதுத் துகள்கள் உண்டா என்று செர்ன் துகள் ஆய்வகத்தில் இன்று பார்ப்பவர்கள் தேடுவதும் இதே மாதிரிக் கவையைத்தான். ஆனால் அங்குள்ள மோதுவியின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான் கொத்துகள் நொடிக்குச் சுமார் 4 கோடி முறை எதிரெதிரே கடக்கின்றன. எல்லாவற்றையும் சேமிக்க முடியுமா? ட்ரிக்கர் என்ற வடிகட்டி சில ஆயிரத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. போட்டது போட்டதுதான். அந்த வடிகட்டியோ, கனமான புதுத் துகள் பிறந்த இடத்திலேயே மடிந்துவிடும் என்ற நினைப்பில்தான் பெரும்பாலும் அமைந்தது. அங்கே கண்டுபிடித்த ஹிக்ஸ் துகள் அப்படி மடிவதுதான், மறுக்கவில்லை. எல்லாமே அப்படியா என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் பாருங்கள். இரு கடப்புகளுக்கு இடைவெளி 25 நானோநொடி. அதற்குள் ஒளியே ஏழரை மீட்டர்தான் போகும். மோதல்களைச் சுற்றி நின்று பதிவுசெய்யும் அட்லஸ் கருவியின் குறுக்களவோ 25 மீட்டர். மெதுவாக நகரும் கனத்த துகள் வெளிச்சுற்றை எட்டுவதற்குள் அடுத்த மோதல் நடந்துவிடும். அதன் தடம் அந்த மோதலின் கணக்கில் எழுதப்படலாம்.

அப்புறம், போலிகள். சாதாரணத் துகள் குழாய்ச் சுவரிலோ சிலிக்கான் தாங்கியிலோ மோதினாலும் கவை பிரியும். அதனால் கருவியில் எங்கே பொருள் இருக்கிறது என்று வரைபடம் போட்டு, அங்கே பிரியும் கவைகளை ஒதுக்குகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உத்தி வேறு. துகள் கருவிக்குள்ளேயே நின்றுபோய்ச் சாவகாசமாகச் சிதையலாம் அல்லவா? அதைப் பிடிக்க, மோதலே நடக்காத நேரத்தில், அதே வளையத்தின் இன்னொரு கருவியான சிஎம்எஸ்ஸின் குழு காத்திருந்து பார்த்தது.

கருவியையே தாண்டிப் போய்ச் சிதையும் துகள்களுக்காக, அட்லஸ் மோதல் புள்ளியிலிருந்து 480 மீட்டர் தள்ளி, ஃபேசர் என்ற சிறிய கருவி 2022 முதல் தரவு சேர்க்கிறது. மறுவருடமே மோதுவியில் பிறந்த நியூட்ரினோக்களை, அதாவது எதோடும் எளிதில் மோதாத நுண்துகள்களை, கண்டதாக அறிவித்தது. அது முக்கியமாகத் தேடும் இருள் ஃபோட்டான் என்ற, கருத்தளவிலேயே உள்ள துகள் மட்டும் இன்னும் சிக்கவில்லை.