மேல்மொணவூரில் பிறந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். வேலூரிலிருந்து பள்ளிகொண்டா பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் மேல்மொணவூரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் அகதிகள் என்றதும் டிவியில் பார்த்த ரப்பர் படகும் ஐரோப்பாவும்தான் நினைவுக்கு வருகின்றன. உலகத்தில் எல்லை தாண்டி ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். சிரியாக்காரர்கள் துருக்கியில், ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்தில், ஈழத்தவர் நம்மிடம். பணக்கார நாடுகள் போடும் கூச்சலில் இது காதில் விழுவதில்லை.

எனக்குப் பழக்கமான ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகாமில் பிறந்தவர். எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தார். முகாம் ஆண்களில் நிறையப் பேருக்குப் பெயிண்டிங்தான் பிழைப்பு, உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள். இவர் முதல் நாளே சுவர்களை அளந்து, கதவு ஜன்னலைக் கழித்து, எத்தனை லிட்டர் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்தபோது டப்பாவில் ஒன்றும் மிஞ்சவில்லை. "என்னப்பா படித்திருக்கிறாய்?" என்றேன். "பி.இ. மெக்கானிக்கல், ஐயா." ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வில் தேறிவிட்டார். பாஸ்போர்ட் கேட்டார்கள், அதோடு முடிந்தது. முகாமில் தலைக்கணக்கு எடுக்கிற நாளில் வேலைக்கு வரமாட்டார். பொறியாளர், மாதாமாதம் வரிசையில் நின்று தான் இருப்பதைக் காட்ட வேண்டும்!

பிறந்தது இங்கே, படித்தது இங்கே. அப்புறம் ஏன் இந்தியர் இல்லை? 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பே போதும். அதற்குப் பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து இன்னொருவர் சட்டவிரோதமாக வந்தவராகவும் இருக்கக் கூடாது. உயிர் தப்பிக் கள்ளத்தோணியில் வந்தவரிடம் விசா ஏது? மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை பெற வழி செய்த 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, நமக்கென்று தனி அகதிச் சட்டமும் கிடையாது. எல்லாம் அவ்வப்போது போடுகிற உத்தரவுகள்தான்.

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2021-இல் புதிய வீடுகளுக்கு இதே மேல்மொணவூரில்தான் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,500 ரூபாயாக உயர்ந்தது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று 2025-இல் மத்திய அரசு உத்தரவிட்டது. மனதார வரவேற்கிறேன். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, குடியுரிமை வேறு. திரும்பவும் சொல்கிறேன், குடியுரிமை வேறு. 1983 ஜூலைக் கலவரத்தின்போது கைக்குழந்தையாக வந்தவருக்கு இன்று பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம். அந்தப் பிள்ளைகளையும் எந்தக் கணக்கில் அகதி என்பது? இங்கே பிறந்தவர்களுக்காவது நாடாளுமன்றம் குடியுரிமை கொடுக்க வேண்டும். நான் கேட்பது இதுதான்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். தஞ்சம் கேட்டு வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பப் பிரிட்டன் போட்ட திட்டம், அப்படி வந்தவர்களை ஆஸ்திரேலியா நவுரு தீவில் வைத்தது பற்றியெல்லாம் எழுதி வந்தேன், இன்றைக்கு முடியாது. உகாண்டாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம்மைவிட ஏழை நாடு. 2006-இல் சட்டம் போட்டு, அகதிகள் வேலை பார்க்கவும் நாட்டுக்குள் நடமாடவும் வழி செய்தது. குடியேற்றங்களுக்கு வருகிற குடும்பங்களுக்குப் பயிரிடத் துண்டு நிலமும் கொடுத்தது. நன்றி, வணக்கம்.