இட்லிக்கடை ஆயாவும் ரெட்டை ஜடையும்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். ஏழைப் பிள்ளை பள்ளியில் நிலைப்பது அரசுத் திட்டத்தாலா, ஊர் ஆதரவாலா என்பது தலைப்பு. ஊரால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா ஒரு போடு போட்டார். "ஊர் என்ன செய்யும்? நாலு நோட்டு கொடுக்கும், நாற்பது போட்டோ எடுக்கும்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி ஐயா, எந்தப் போட்டோவிலும் இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊர். பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்கு ஆள் ஏற்ற லாரி வந்து நிற்கும். முன்பணம் வாங்கிய குடும்பங்கள் சட்டிபானையோடு ஏறும். பிள்ளைகளும் ஏறும். ஆடி வாக்கில்தான் திரும்புவார்கள். முழுப்பரீட்சை போயே போய்விடும். நான் ஏழாவது படித்த வருடம், என் பக்கத்தில் உட்காரும் பெண்ணும் ஏறிவிட்டாள். பள்ளிக்கு எதிரே இட்லி விற்ற ஆயா கையில் கரண்டியோடு ஓடிவந்தார்.

"ஏண்டி, புள்ளய எறக்கு. பரீட்ச எழுதட்டும். எங்கூட இருக்கட்டும்."

"சோத்துக்கு என்ன பண்ணுவ ஆயா?"

"மத்தியானம் பள்ளிக்கூடத்துல போடுறாங்க. காலையிலும் ராவுலயும் இட்லி இருக்கு. நீ போ."

மத்தியானச் சோறு அரசு போட்டது ஐயா, மறுக்கவில்லை. புத்தகமும் சீருடையும் அரசு கொடுத்ததுதான். லாரியிலிருந்து இறக்கியது யார்? கரண்டியோடு ஓடிவந்தது எந்தத் துறை?

அந்தச் சோற்றுக்கும் ஒரு கதை உண்டு. 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது ஊராரும் பங்கு போட்டார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று தனியே எடுத்து வைத்த தாய்மார்கள் இருந்தார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. சட்டமே ஊரைக் கூப்பிடுகிறது ஐயா!

மறுபடி ஆயாவிடம் வருகிறேன். லாரி போன மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கு வரமாட்டேன் என்று அழுதாள். ஏன் தெரியுமா? தலை பின்ன அம்மா இல்லை. ஆயா மாவுக் கையைக் கழுவினார். தேங்காயெண்ணெய் வைத்து, நடு வகிடு எடுத்து, ரெட்டை ஜடை பின்னினார். ரிப்பன் இல்லை. பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினார். அதைப் பார்த்த தையல்கடை அண்ணன் மறுநாள் சிவப்பு ரிப்பன் கொண்டுவந்தார். எங்கள் டீச்சர் சாயங்காலம் கடைத் திண்ணையிலேயே கணக்குச் சொல்லிக் கொடுத்தார். இட்லிப் பானை ஆவியில் அவள் நோட்டுப் பக்கமெல்லாம் உப்பிப்போயிருக்கும். ஐயா, பிள்ளைக்குத் தலை பின்னிவிடு என்று அரசாணை போட முடியுமா?

ஆடியில் லாரி திரும்பியது. அப்போது அவள் எட்டாவது வந்திருந்தாள். அம்மா முந்தானையை அவிழ்த்துக் காசு எடுத்தார். மண் பிசைந்து வெடித்த அந்த விரல்களை ஆயா அப்படியே மடக்கிவிட்டார். அந்த அம்மா பையிலிருந்து இரண்டு செங்கல்லை எடுத்து வைத்தார், தன் கையால் அறுத்த கல். அதன்மேல் பிள்ளையை உட்காரவைத்துத்தான் ஆயா அன்றைக்கும் தலை பின்னினார்.

அந்த ஆயாவின் படம் ஒன்றுகூட ஊரில் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன், ஐயா.

நன்றி, வணக்கம்.