வெளியே பழமை, உள்ளே என்ன?

[திரையில்: இளம்பச்சை நிற ஃபிகாரோ, மெதுவாகச் சுற்றிவரும் காட்சி]

வணக்கம். இந்தக் காரை 1950களில் ஐரோப்பாவில் ஓடியது என்று நீங்கள் நினைத்தால் உங்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இது நிசான் நிறுவனம் 1991இல் ஜப்பானில் விற்ற ஃபிகாரோ. வளைந்த முகப்பும், குரோமியப் பட்டைகளும், பின்னுக்கு மடியும் துணிக்கூரையும் அந்தக் காலத்தை நினைவூட்டினாலும், அவற்றுக்கு அடியில் இருப்பது மார்ச் என்ற சாதாரணச் சிறு காரின் அடித்தளமும், 987 சிசி டர்போ என்ஜினும், மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கும்தான். விற்பனைக்கு வந்த 20,000 கார்களைப் போலப் பன்மடங்கு பேர் கேட்டதால், யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது.

இதற்கு முன்பே, 1987இல் பிஇ-1, 1989இல் பாவோ என்ற இரண்டு கார்களை நிசான் இதே முறையில் செய்திருந்தது. அவற்றின் உருவாக்கத்தில் பங்கேற்ற வடிவமைப்பாளர் நவோக்கி சகாய், 1988இல் ஒலிம்பஸ் நிறுவனத்துக்காக ஒரு ஃபிலிம் கேமராவையும் வடிவமைத்தார்.

[திரையில்: ஓ-ப்ராடக்ட் கேமரா, அலுமினிய உடலின் அண்மைக் காட்சி]

அதன் பெயர் ஓ-ப்ராடக்ட். பளபளக்கும் அலுமினிய உடல், வட்டமும் சதுரமுமாகப் பிரிந்து நிற்கும் பாகங்கள், தனியே கழற்றக்கூடிய ஃபிளாஷ் என்று ஏதோ பழைய அறிவியல் கருவியைப் போன்ற தோற்றம். உள்ளே இருப்பதோ, அக்காலத்துச் சிறிய ஆட்டோஃபோகஸ் கேமராக்களில் இருந்த மோட்டாரும் மின்சுற்றும். இதுவும் 20,000 எண்ணிக்கையில்தான் வெளிவந்தது.

காரும் கேமராவும் ஒரே உத்தியில் பிறந்தவை என்றாலும், முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு அவற்றின் நிலை நேர்மாறாக இருக்கிறது. ஃபிகாரோவுக்குள் புதிய இயந்திரத்தை வைத்தது, அதை வைத்திருப்பவருக்கு இன்று வரமாக அமைந்துவிட்டது. மார்ச் பெருமளவில் உற்பத்தியான கார் என்பதால் இயந்திரப் பாகங்கள் பலவற்றை இன்றும் தேடிப் பெறலாம். துரு பிடித்த உடற்பகுதியும் அந்தக் காருக்கென்றே வார்த்த அலங்காரப் பாகங்களும்தான் தலைவலி. வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள கார் என்பதால் பிரிட்டனுக்குப் பெருமளவில் போய்ச் சேர்ந்தது. அங்கே இதற்கென்றே பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஓ-ப்ராடக்ட்டின் கதை வேறு: மின்சுற்று கெட்டுவிட்டால், அதே போன்ற இன்னொரு பழைய கேமராவைப் பலிகொடுத்துத்தான் இதைப் பிழைக்க வைக்க வேண்டும். அலமாரியில் வைத்து ரசிக்க அது போதும். படம் எடுக்க நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

[திரையில்: நிக்கான் எஸ்3, மேல்தகட்டின் எண்கள்]

தோற்றத்தோடு நிற்காமல், உள்ளுறுப்புகளையும் மறுபடி செய்ய முடியுமா என்ற கேள்விக்கு நிக்கான் 2000ஆம் ஆண்டில் பதில் சொன்னது. 1958இல் வந்த தன் எஸ்3 ரேஞ்ச்ஃபைண்டரை (தனிச் சாளரம் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா), வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிகூட இல்லாமல், ஃபிலிம் மீது ஒளி விழத் திறந்து மூடும் ஷட்டரும் முழுக்க இயந்திரமாகவே இருக்க, மீண்டும் தயாரித்தது. வணிகக் கணக்கில் இது வீண் செலவாகத் தோன்றலாம். எனக்கு இது நகல்களிலேயே நேர்மையான நகலாகப் படுகிறது. ஏனெனில், பேட்டரியே இல்லாத அந்தக் கேமராவை, ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் அறிந்த மெக்கானிக் யாரும் பிரித்துச் சீராக்க முடியும்.

ஆகவே பழைய ஃபிலிம் கேமரா வாங்கும்போது பளபளப்பை ஒதுக்கிவிட்டு உள்ளே பாருங்கள். பின்மூடியைத் திறந்து, ஒரு விநாடி முதல் ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அழுத்துங்கள். முதலில் சிக்குவது பெரும்பாலும் மெதுவான வேகங்களே. ஷட்டரின் திரை துணியாலானதாக இருந்தால், லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளைகள் உண்டா என்று பாருங்கள். மூடியின் ஓரத்தில் உள்ள நுரைப்பட்டை பிசுபிசுத்தால் கவலை வேண்டாம், மலிவாக மாற்றிவிடலாம்.

1960, 70களின் கேமராவில் ஒளிமானி இருந்தால் மட்டும் சற்றுக் கவனம் தேவை. அவற்றுள் பல, இன்று விற்கப்படாத 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த இடத்தில் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால், பல கேமராக்களில் ஒளிமானி தவறாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்கான துத்தநாக-காற்று பேட்டரியின் மின்னழுத்தம் பழையதற்கு நெருக்கமானது. மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்தவுடன் காற்றுப் பட்டு அதன் ஆயுள் குறையத் தொடங்கும் என்பதால், ஃபிலிம் போட்டுக் கிளம்பும் நாளில் உரித்துக்கொள்ளுங்கள்.